லுவோஹான் வளர்க்க ஆசையா? தொட்டி வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பொரித்த திலாப்பியா சாப்பிட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் சிக்லிட் குடும்பம் உங்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் அதே மீனுக்கு ஜிலேபி என்று பெயர். (இனிப்பு என்று நம்பிப் போய் ஏமாந்துவிடாதீங்க.) கேரளாவின் கரிமீனும், கிள்ளான் மீன் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று முறைக்கும் லுவோஹானும்கூட இதே குடும்பம்தான்.

லுவோஹான், அதாவது ஃபிளவர்ஹார்ன், எந்த ஆற்றிலும் தானாகத் தோன்றியதில்லை. மத்திய அமெரிக்க சிக்லிட்டுகளையும், தைவானில் உருவான பிளட் பேரட்டையும் கலந்து 1990களில் மலேசிய வளர்ப்பாளர்கள் உருவாக்கிய மீன் இது. அதன் நெற்றிப் புடைப்பு சீனர்களின் நீண்ட ஆயுள் தெய்வத்தை நினைவூட்டியது. உடம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளில் சிலர் சீன எழுத்துகளைக் கண்டார்கள். சிலர் நாலு நம்பரைத் தேடினார்கள்! 2000களின் தொடக்கத்தில் நல்ல மீன் ஒன்று ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு விலை போனது.

ஆனால் ஒரு ஜோடி ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். ஆளாளுக்கு இனப்பெருக்கம் செய்தால் என்ன ஆகும்? சில ஆண்டுகளிலேயே விலை சரிந்தது. வேண்டாத மீன்கள் குளங்களுக்கும் ஆறுகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

முதலில் தண்ணீர், பிறகுதான் மீன்

தொட்டி வாங்கியாச்சா? அன்றைக்கே மீனை விடாதீங்க. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதிதாக வளர்ப்பவர்கள் மீனைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இந்தப் பொறுமை இல்லாமல்தான். லுவோஹானுக்குக் குறைந்தது நாலடித் தொட்டி வேண்டும். அதுவும் தனியாக. கூட இன்னொரு மீனை விட்டால் அடித்தே கொன்றுவிடும்.

நம்ம ஊர்ச் சூட்டில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. இங்கே உண்மையான தலைவலி தண்ணீர்த் தடை. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் மாசுபட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கணக்குகளுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது நினைவிருக்கிறதா? அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் உடனே பீப்பாயில் தண்ணீர் பிடித்து வையுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் தாங்கும், அமோனியாவைத் தாங்காது. தண்ணீர் திரும்பி வந்ததும் கலங்கல் போகும்வரை குழாயைத் திறந்துவிட்டு, பிறகு பிடித்து, ஆன்ட்டி-குளோரின் கலந்தே தொட்டியில் ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீங்க. குளோரின் பட்டால் அந்த பாக்டீரியாவும் செத்துவிடும். மாற்றி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும்.

குஞ்சு பொரிக்க வைக்கலாமா?

லுவோஹான் ஜோடி சேர்க்கும்போது நடுவில் ஓட்டைகள் உள்ள தடுப்பு அவசியம். இல்லாவிட்டால் ஆண் மீன் பெண்ணைக் குதறிவிடும். கலப்பினம் என்பதால் பல ஆண் மீன்கள் மலட்டுத்தன்மை கொண்டவை. கருவுறாத முட்டைகள் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் முதல் முயற்சிக்கு கான்விக்ட் சிக்லிட்தான் என் சிபாரிசு. கவிழ்த்து வைத்த பூச்சட்டி ஒன்று போதும். அதற்குள் முட்டை இட்டு, சுமார் மூன்று நாளில் பொரித்துவிடும். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காப்பதைப் பார்த்தால் அன்றைக்கு நீங்க போனைத் தொடமாட்டீங்க. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஆர்ட்டீமியா கொடுக்கலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நூறு குஞ்சுகளை எங்கே வைப்பது? ஏரியில் விடுவது கருணை அல்ல. அமேசான் சிக்லிட்டான பீக்காக் பாஸ் இன்று நம் பழைய ஈயச் சுரங்கக் குளங்களில் பெருகி, உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அதையும் மனிதர்கள்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஆகவே பூச்சட்டியைக் கவிழ்த்து வைப்பதற்கு முன்பே, மீன் வாங்கிய கடையில் கேட்டுவிடுங்கள்: "குஞ்சு பொரிச்சா எடுத்துக்குவீங்களா, அண்ணே?" இல்லை என்று சொன்னால், ஒரே ஒரு மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.