ஆமையை விடாத அட்டை!

ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டால் ஆமைக்குப் பயமில்லை என்பார்கள். ஆனால், ஓட்டைக் கண்டு அஞ்சாத எதிரி ஒன்று உண்டு. அதுதான் அட்டை!

சென்னைக்குத் தெற்கே தாம்பரம், பள்ளிக்கரணை பக்கத்து நீர்நிலைகளில் காராமையும் பாலாமையும் வாழ்கின்றன. இத்தகைய நன்னீர் ஆமைகளின் காலிடுக்கிலும் கழுத்தோரத்திலும் அட்டைகள் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும்.

உடம்பு பெரிதானால், அட்டை ஒட்டவும் இடம் அதிகம். ஆகவே, பெரிய ஆமைக்குத்தான் பெரும்பாலும் தொல்லையும் அதிகம்!

இதற்கு மருந்து? வெயிலாக இருக்கலாம்! ஆமை கரையேறி வெயில் காயும். ஈரம் உலர்ந்தால் சில அட்டைகள் தாங்காமல் போகலாம்.

கரையில் கிடக்கும் ஆமையை, "ஐயோ பாவம்!" என்று தண்ணீரில் தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

சும்மா விட்டாலே போதும். தன்னை ஆமை தானே பார்த்துக்கொள்ளும்!