பின்னல் தொப்பிக்கு ஒரு வேதாகமம்

குச்சவெளியிலிருந்து கரையோரமாகத் தெற்கே வந்து திருகோணமலைத் துறைமுகத்தைத் தாண்டினால் கொட்டியாரக் குடா. 1660 இல் அங்கே கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர்களில் 19 வயது றொபேட் நொக்ஸும் ஒருவர். மலைநாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தார். தேவாலயம் இல்லை, போதகர் இல்லை. ஒருநாள் அவர் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் ஒரு புத்தகத்தை விற்க முன்வந்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் கைக்கு வந்ததாம். பிரித்தால், ஆங்கில வேதாகமம்! முதலில் கண்ணில் பட்டது அப்போஸ்தலர் நடபடிகள் 16 ஆம் அதிகாரம்: சிறைக்காவலன் மீட்புக்கு வழி கேட்கும் இடம். படித்தவரோ ஒரு கைதி. பின்னல் தொப்பி ஒன்றை விலையாகக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

அதே காலத்தில், அதே தீவில், நேர்எதிரான இன்னொரு நிலைமை. 1658 இல், போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவித்தனர். குருமார் வெளியேறினர். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேற இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. குருவும் இல்லை, கையில் வேதமும் இல்லை. ஆனாலும் 1687 இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, விசுவாசிகள் இருந்தார்கள். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், அதைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தே அவர்களைக் கண்டுபிடித்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது.

குருவும் வேத நூலும் இல்லாமல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஒரு மதம் எப்படித் தாங்கியது? பதிலில் ஒரு பங்கு அந்த மாலையிலேயே இருக்கிறது. முழுச் செபமாலைக்கு அக்காலத்தில் 150 மரியன்னை செபங்கள். அந்த எண் சும்மா வந்ததல்ல; வேதத்தில் திருப்பாடல்கள் 150. வாசிக்கத் தெரியாத ஐரோப்பிய எளியவர்கள் அவற்றுக்கு ஈடாக விரலால் எண்ணிச் சொன்ன செபத்திலிருந்து வளர்ந்தது இது. மரியன்னை செபத்துக்குள் ஒரு ஒட்டு வேலையும் உண்டு. முற்பாதி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து வந்த வாழ்த்து. பிற்பாதி மன்றாட்டு, திருச்சபை பின்னாளில் சேர்த்தது. வேதமும் மரபும் ஒரே மூச்சில் சொல்லி முடிகின்றன!

இந்த இரண்டில் எதற்கு அதிகாரம் என்பதே 16 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் பிளந்த கேள்வி. வேதம் ஒன்றே இறுதித் தீர்ப்பு என்றார் சீர்திருத்தவாதி லூத்தர். எழுதப்பட்ட நூல்களும், அப்போஸ்தலர் வழிவந்த எழுதாத மரபும் சம மதிப்புக்குரியவை என்று 1546 இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் பதில் சொன்னது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் வருகிறது. எந்தெந்த நூல்கள் வேதம் என்ற பட்டியல் வேதத்துக்குள் எங்கும் இல்லை. இந்தப் பட்டியலுக்குத் திருமுறை என்று பெயர். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இன்றுள்ளபடி, கூடாமல் குறையாமல், நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் ஒரு கடிதத்தில் வருகின்றன. அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் 367 இல் எழுதிய பாஸ்காக் கடிதம் அது. அப்படியானால் புத்தகத்துக்கு அதிகாரம் தந்தது திருச்சபையா? புரட்டஸ்தாந்தரின் பதிலும் கூர்மையானது: உரைகல் பொன்னைக் காட்டித்தரும், பொன்னை உண்டாக்காது.

பட்டியல் மாறினால் வழக்கமும் மாறும். கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், புரட்டஸ்தாந்தருக்கு 66. இறந்தோருக்காக வேண்டுவதற்குக் கத்தோலிக்கர் காட்டும் முக்கிய ஆதாரங்களில் ஒன்று 2 மக்கபேயர் 12. அந்த நூல் புரட்டஸ்தாந்தர் பட்டியலில் இல்லை. இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 இல் கல்லறையில் யார் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள், யார் ஏற்றுவதில்லை என்பதில் இந்தப் பழைய வழக்கின் சுவடு தெரியும்.

இப்போது நொக்ஸை மீண்டும் பாருங்கள். வேதம் கைக்கு வருமுன்னரே அவரிடம் இரண்டு ஆங்கிலப் பக்தி நூல்கள் இருந்தன. திரும்பத் திரும்பப் படித்து ஏறக்குறைய மனப்பாடமாகவே வைத்திருந்தார். வேதத்தை எப்படி வாசிப்பது என்ற பயிற்சி புத்தகத்துக்கு முன்பே அவரிடம் வந்துவிட்டது. தனித்திருந்தவரிடமும் ஒரு மரபு இருந்தது. செபமாலைக்காரரின் நாவிலும் லூக்கா இருந்தார்.

தமிழிலும் இந்த வழக்கு சூடாகவே நடந்தது. தரங்கம்பாடி லூத்தரன்களுக்கு மறுப்பாக வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ எழுதினார். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதமும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருவன என்றது. தமிழ்க் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து மொழிபெயர்த்த ‘திருவிவிலியம்’ 1995 இல் வெளிவந்தது. சர்ச்சைக்குரிய நூல்களை அவர்கள் விலக்கவில்லை, கலந்துவிடவும் இல்லை; ‘இணைத் திருமுறை’ என்று பெயரிட்டுத் தனிப் பகுதியாக வைத்தார்கள்.