திடல் வெறிச்சோடலாமா?

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் காற்பந்துக் குழு மாவட்டப் போட்டியில் அரையிறுதி ஆட்டம் வரை சென்றது. செம்பனைக் காட்டுக்கு நடுவே, ஐம்பது அறுபது பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளிக்கு அது சிறிய காரியமன்று. வேலை முடிந்த கையோடு வந்து நின்ற தாய்மார்கள் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். தோற்றுத் திரும்பிய பிள்ளைகளுக்குக்கூட அன்று லயத்தில் வரவேற்பு இருந்தது.

இவ்வாண்டு பள்ளி திறந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். குழுவில் இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் ஆறாம் ஆண்டை முடித்து, பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவன் சென்ற ஆண்டு முழுவதும் மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்கியவன்.

அன்று மாலையே ஒரு மாணவனின் தந்தை கடை வாசலில் என்னை நிறுத்தினார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி அவர். "வாத்தியாரே, இந்த வருசம் போட்டிக்குப் பேர் கொடுக்காதீங்க. இருக்கிறதெல்லாம் பொடிப் பசங்க. பத்து கோல் வாங்கிட்டு அழுதுக்கிட்டு வருவானுங்க. நமக்கு எதுக்கு இந்த அவமானம்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அங்கேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து போகையில், "இந்த வருசம் வேண்டாம்" என்ற அதே சொல்லை நான் சிறுவனாக இருந்தபோதும் கேட்டிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் தோட்டத்தின் கதை

அப்போது எங்கள் தோட்டத்துக்குப் பெரியவர்களின் காற்பந்துக் குழு ஒன்று இருந்தது. பால்வெட்டும் அண்ணன்மாரும், ஆலையில் வேலை செய்தவர்களும், ஒரு கிராணியாரும் அதில் ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துக் குழு வந்தால் திருவிழாதான். எங்களைப் போன்ற பொடியன்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்தை ஓடி எடுத்துப் போடுவோம். அப்படி எடுத்துப் போட்டே உதைக்கக் கற்றுக்கொண்டோம்.

தொண்ணூறுகளில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளும், பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரும் இளைஞர்களை அழைத்தன. ஒரு தீபாவளிக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரேயடியாக ஏழு பேர் போய்விட்டார்கள். சம்பாதிக்கப் போனவர்களைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் பல வீடுகளில் தங்கைகளுக்குத் திருமணம் நடந்தது.

எஞ்சிய பெரியவர்கள் கூடிப் பேசி, "இந்த வருசம் வேண்டாம், அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்றார்கள். அந்த அடுத்த வருசம் வரவேயில்லை. திடலில் லாலாங் புல் முளைத்தது. பந்து எடுத்துப் போட்ட எங்களுக்கு, எடுத்துப் போட ஆட்டம் இல்லாமல் போயிற்று. போனவர்கள் ஏழு பேர்தான். ஆனால் நின்றுபோனது பெரியவர்களைப் பார்த்துச் சிறியவர்கள் கற்றுக்கொண்ட வழக்கம்.

நாட்டுக்கு வந்த சோதனை

சிறிய தோட்டத்துக்கு நேர்ந்தது நாட்டுக்கே நேர்ந்ததுண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் மலேசியக் காற்பந்து எப்படி இருந்தது என்பதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஜொகூர் 1985இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1991இல் லீக், மலேசியக் கிண்ணம் இரண்டையும் ஒருசேர வென்றது. 1989இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் தேசியக் குழு தங்கப் பதக்கம் பெற்றது.

பிறகு வந்தது லஞ்ச விவகாரம். ஆட்ட முடிவுகளை முன்கூட்டியே விலைபேசிய குற்றச்சாட்டுகள் 1994, 1995 ஆண்டுகளில் வெடித்தன. 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள். 58 ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டார்கள். சிலர் சொந்த ஊரை விட்டு வேறு மாவட்டங்களில் வசிக்கும்படி அனுப்பப்பட்டார்கள். 1994இல் லீக்கையும் கிண்ணத்தையும் வென்ற சிங்கப்பூர்க் குழுவும் அதன்பின் நம் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டது.

தவறு செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டியதுதான். அதில் இரண்டாவது கருத்தில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். நாட்டுக் குழு உடனே விழுந்துவிடவில்லை. 1996இல் நடந்த முதல் டைகர் கிண்ணப் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்று, தாய்லாந்திடம் ஒரே கோலில்தான் தோற்றது. வேர் அறுபட்ட மரத்தில் இலை சில நாள் பச்சையாகவே இருக்குமல்லவா, அது போலத்தான்.

உண்மையான இழப்பு பின்னால் தெரிந்தது. இருபத்தைந்து, முப்பது வயதில் இருந்து இளையவர்களை வழிநடத்தியிருக்க வேண்டிய ஒரு தலைமுறையே கலைந்துவிட்டது. இரசிகர்கள் நம்பிக்கை இழந்தார்கள். 2007இல் ஆசியக் கிண்ணப் போட்டியை நம் நாடும் சேர்ந்து ஏற்று நடத்தியபோது, சொந்த மண்ணிலேயே சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என்று மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். எல்லாவற்றுக்கும் அந்த லஞ்ச விவகாரம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் அது தொடங்கிவைத்த சரிவை மறுக்கவும் முடியாது.

எழுந்தது எப்படி?

அதே 2007இல் 'ஹரிமாவ் மூடா' என்ற இளையோர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 2009இல் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், நம்மவரான கே. இராஜகோபால் பயிற்றுவித்த இளையோர் குழு வியட்நாமை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. 1989க்குப் பிறகு இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது.

மறு ஆண்டு அந்த இளைஞர்களில் பலரைத் தேசியக் குழுவுக்குக் கொண்டு சென்றார் இராஜகோபால். 2010 சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியா 5-1 என்று நம்மை நசுக்கியது. அன்றே அவர்களைக் கலைத்திருந்தால்? கலைக்கவில்லை. அதே மாத இறுதியில் புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றார்கள். இரண்டாவது ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் நமக்கு வந்தது.

குறுக்கு வழி நிலைக்காது என்பதற்கும் அண்மையில் சான்று கிடைத்தது. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்கள் 2025இல் நம் தேசியக் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஜூன் மாதம் வியட்நாமை 4-0 என்று வென்று ஆர்ப்பரித்தோம். செப்டம்பரில், அவர்களுடைய பூர்வீகத்தைக் காட்டக் கொடுத்த ஆவணங்கள் போலியானவை என்று கூறி, உலகக் காற்பந்துக் கழகமான ஃபிஃபா ஏழு பேருக்கும் 12 மாதத் தடை விதித்தது. ஒரே நாளில் ஏழு இடங்கள் காலி!

உலகம் காட்டும் பாடம்

இளங்கன்றுகளைத் தயாராக வைத்திருந்தவர்கள் இழப்பிலிருந்து எப்படி மீண்டார்கள் என்பதற்கு மான்செஸ்டர் யுனைடெட் உதாரணம். 1958 பிப்ரவரி 6இல் மியூனிக் விமான விபத்தில் அக்குழுவின் எட்டு ஆட்டக்காரர்கள் மாண்டார்கள். மேலும் இருவர் மீண்டும் ஆட முடியாதபடி காயமடைந்தார்கள். ஆனால் பதின்மூன்றே நாளில் இளையோரையும் மாற்று ஆட்டக்காரர்களையும் வைத்துத் திடலில் இறங்கி 3-0 என்று வென்றார்கள். எப்படி முடிந்தது? அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகள் இங்கிலாந்தின் இளையோர் கிண்ணத்தைத் தொடர்ந்து வென்றவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் ஐரோப்பியக் கிண்ணத்தை எட்டிப்பிடிக்க 1968 வரை, அதாவது பத்தாண்டுகள், காத்திருந்தார்கள். விபத்தில் தப்பிய பாபி சார்ல்டனும் பில் ஃபோக்சும் அந்த வெற்றிக் குழுவிலும் ஆடினார்கள்.

அமெரிக்காவின் மார்ஷல் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் கடினமானது. அங்கே ஆடுவது கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து. 1970 நவம்பர் 14இல் நடந்த விமான விபத்தில் 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 37 பேர் ஆட்டக்காரர்கள். குழுவையே மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. மூடவில்லை. அக்கால விதிப்படி முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் குழுவில் ஆட முடியாது. அதற்கு விதிவிலக்கு வாங்கி, வேறு விளையாட்டு ஆடியவர்களையும் சேர்த்துக்கொண்டு 1971இல் களமிறங்கினார்கள். பத்து ஆட்டங்களில் இரண்டில்தான் வெற்றி. தோல்வியைவிட வெற்றி அதிகமான ஓர் ஆண்டைக் காண 1984 வரை ஆயிற்று. ஆனால் 1992இல் தங்கள் பிரிவில் தேசிய வெற்றியாளர்கள் ஆனார்கள். 1971இல் அந்தப் பையன்கள் தோற்கத் துணியாமல் இருந்திருந்தால், 1992இல் ஆடுவதற்குக் குழுவே இருந்திருக்காது.

மறுநடவு

இரண்டு நாள் கழித்து அந்தத் தந்தையைத் தேடிப் போனேன். இவ்வளவு கதையும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "அண்ணே, நம்ம தோட்டத்துல வயசான செம்பனையை எல்லாம் ஒரே வருசத்துல சாய்ச்சிடுவாங்களா?"

"அது எப்படி வாத்தியாரே? ஒவ்வொரு காடா சாய்ச்சு, ஒவ்வொரு காடா நடுவாங்க. இல்லேன்னா ஆலைக்குக் குலை எங்கேருந்து வரும்?" என்றார்.

"நாற்று?"

"அது ஒரு வருசம் முந்தியே நாற்றுமேடையில போட்டு வச்சிருப்பாங்க. நட்டு மூணு வருசத்துல காய்க்கும்."

"நான்தான் நாற்றுமேடை போடாம விட்டுட்டேன். சென்ற வருசம் பெரிய பசங்களை மட்டுமே ஆட வச்சேன். சின்னவனுங்க தண்ணி தூக்கினானுங்க. தப்பு என் மேலதான். இந்த வருசம் நட விடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது இதை யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது நாங்கள் செய்வது இதுதான். மூன்றாம் ஆண்டு முதலே பிள்ளைகள் திடலுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு பெரிய பையனும் ஒரு சிறியவனுக்குப் பொறுப்பு. குழுவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம். இடைநிலைப் பள்ளிக்குப் போன எட்டுப் பேரில் மூவர் சனிக்கிழமை மாலையில் வந்து தம்பிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். முதல் ஆட்டத்தில் 0-7. இரண்டாவதில் 0-4. பிள்ளைகள் அழுதார்கள்தான். மூன்றாவது ஆட்டத்தில் 1-2. அந்த ஒரு கோலை அடித்தவன் சென்ற ஆண்டு தண்ணீர்ப் போத்தல் தூக்கியவன். நான்காம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் தள்ளிக்கொடுத்த பந்து அது.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் ஒருநாள் தோட்டத்தை விட்டுப் போகத்தான் போகிறார்கள். படிக்கப் போகட்டும், சம்பாதிக்கப் போகட்டும். அதற்காகத்தானே நாம் பாடுபடுகிறோம்? ஆனால் போகுமுன் தம்பிமார்களுக்குத் தெரிந்ததைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். காற்பந்துக்கு மட்டுமல்ல, கோயில் உறுமிமேளத்துக்கும், தேவாரம் பாடுகிற குழுவுக்கும், இளைஞர் மன்றத்துக்கும் இதே கணக்குதான். மாலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டுச் சிறியவனையும் பெரியவனோடு சேர்த்துத் திடலுக்கு அனுப்புங்கள்.

கடைசி ஆட்டம் முடிந்ததும், போட்டி வேண்டாம் என்று சொன்ன அந்தத் தந்தை கோட்டோரம் நின்றிருந்தார். மகனின் சப்பாத்தைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அடுத்த வருசம் இவனுங்கள்ல அஞ்சு பேர் இருப்பானுங்க, வாத்தியாரே. எண்ணிப் பார்த்துட்டேன்."