குழாய்க்குள் குழாய்!

சுட்டீஸ்! தெருவில் கழிவுநீர்க் குழாய் உடைந்தால் பள்ளம் தோண்டுவார்கள். நீங்களும் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போக வேண்டும், இல்லையா?

லண்டன் மிகப் பழைய நகரம். அங்கே பல பாதாளச் சாக்கடைகள் 19-ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் கட்டியவை. வீடுகளிலிருந்து வரும் பழைய களிமண் குழாய்களின் இணைப்புகளில் மரவேர்கள் புகுந்து அடைத்துவிடும். எல்லாவற்றையும் தோண்டினால் ஊரே ஸ்தம்பித்துவிடுமே!

1971-ல் எரிக் வுட் என்பவர் அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார். பிசினில் ஊறிய நீளமான துணி உறையைப் பழைய சாக்கடைக்குள் நுழைத்து, பலூன்போல உப்ப வைத்தார். அது சுவரோடு ஒட்டி, கெட்டியாக இறுகியது. புதுக் குழாய் தயார்!

இன்று பல ஊர்களில் வீட்டுக் குழாய்களையும் இப்படிச் சரிசெய்கிறார்கள். முதலில் குட்டிக் கேமராவை உள்ளே அனுப்பிப் பார்ப்பார்கள். ஏன் தெரியுமா? குழாய் அடியோடு நொறுங்கியிருந்தால் உறை நுழையாது. அப்போது மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான்!