துவக்கும் குண்டும்: மன்னார் சிந்திக்க வேண்டியவை

மன்னாரிலிருந்து வங்காலை, சிலாவத்துறை வழியாக மறிச்சுக்கட்டி நோக்கிச் செல்வோர், ஒருபுறம் கடலையும் மறுபுறம் வில்பத்து வரை நீளும் காட்டையும் காண்பர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009 இன் பின்னர் மீளத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும், போரினால் அலைக்கழிந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் இப்பகுதியில் வயல் செய்து வாழ்கின்றன. விளைந்த பயிரைக் காட்டுப்பன்றியும் யானையும் அழிக்கும்போது, விவசாயியின் கை துவக்கைத் தேடுவது வியப்பன்று. ஆனால், தகாத குண்டு விலங்கைக் கொல்வதற்கு முன் மனிதனைக் கொல்லக்கூடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இலங்கையின் வேட்டை வரலாறே இதற்குச் சான்று. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், இந்நாட்டு வேட்டை பற்றி 1854 இல் நூலொன்றை வெளியிட்டார். 1845 இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ், 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் எனக் கூறப்படுகிறது. அக்காலத்து வேட்டைக்காரர் இரட்டைக்குழல் துவக்கையே பெரிதும் நம்பினர். முதற்குண்டு பிழைத்தால் மறுகணமே இரண்டாவது குண்டு வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

இரட்டைக்குழல் ரைபிளின் நுட்பம் பலர் அறியாதது. இரு குழல்களின் குண்டுகளும் ஒரே இடத்தில் சென்று தைக்கும்படி, குறிப்பிட்ட எடையும் வேகமும் கொண்ட ஒரு குண்டுக்கென்றே அது சீரமைக்கப்படுகிறது. எடையோ மருந்தின் அளவோ மாறினால், குண்டுகள் ஒன்றைவிட்டொன்று விலகிச் செல்லும். குழலின் உள்விட்டத்துக்குப் பொருந்தாத, மிகக் கடினமான குண்டினைப் பழைய துவக்கில் இட்டால் குழலே சேதமடையலாம். மெல்லிய தோலுடைய மானுக்கு, தைத்ததும் விரியும் மென்முனைக் குண்டு பொருந்தும். யானையின் மண்டையோட்டுக்கோ விரியாத திண்மக் குண்டே வேண்டும். மென்மையான ஈயம் எலும்பில் மோதித் தட்டையாகிவிடும். அவ்வாறு காயப்பட்ட யானை, சுட்டவனுக்கும் அயலிலுள்ள ஊருக்கும் பேராபத்தாகிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய கிராமத்து 'இடியன்' துவக்கைப் பார்ப்போம். இரும்புத் துண்டுகளும் சன்னங்களும் திணிக்கப்படும் அத்துவக்கு யானையை உடனே வீழ்த்தாது. சீழ்பிடித்த புண்ணுடன் பல நாள் அலைய விடும். பாதையோரம் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கோ, வருவது பன்றியா, விறகு பொறுக்க வந்த மனிதனா என்று பார்ப்பதில்லை. 2022, 2023 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் நாடெங்கும் 400 இற்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. துவக்குச் சூடு அதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று.

முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் ஹலால் பற்றிய கேள்வியும் உண்டு. அடிபட்டுச் செத்தது விலக்கப்பட்டது என அல்குர்ஆன் கூறுகிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரழி) கேட்டபோது, கூர்முனை துளைத்ததை உண்ணலாம், பக்கவாட்டில் தாக்கிச் செத்ததை உண்ணலாகாது என நபியவர்கள் விளக்கினார்கள். பிற்காலத்தில் ஈயக்குண்டு வந்தபோது, அது துளைப்பதால் ஆகும் என்று யெமன் அறிஞர் ஷவ்கானி கருதினார். அது கூர்மையால் அன்றி வேகத்தால் கொல்கிறது என மறுத்தோரும் உளர். ஆயினும் உயிருடன் கைக்கெட்டிய பிராணியை அறுத்தே உண்ண வேண்டும் என்பதிலும், இறைநாமம் கூறியே சுட வேண்டும் என்பதிலும் அறிஞர் வலியுறுத்தல் தெளிவானது. வீணே வதைப்பதை எம்மார்க்கமும் ஏற்பதில்லை.

ஈயத்தின் தீங்கு சூட்டோடு முடிவதில்லை. சேற்றில் விழும் சன்னத்தைச் சிறுகல் என்றெண்ணி விழுங்கும் வாத்து, ஈய நஞ்சால் இறக்கிறது. இறைச்சியில் சிதறிய ஈயத்துகள் நம் குழந்தைகளின் உடலிலும் சேரும். அமெரிக்கா 1991 இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சதுப்பு நிலங்களுக்கான தடை 2023 இல் நடைமுறைக்கு வந்தது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் வந்திறங்கும் வங்காலை, 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே ஈயமென்ன, உருக்கென்ன, எக்குண்டுக்கும் இடமில்லை.

1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைக் காக்கிறது. பயிர்க்காப்புத் துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் அவசியம். ஆனால் சட்டத்தைக் காட்டி மட்டும் பசித்த விவசாயியை அமைதிப்படுத்த முடியாது. பராமரிக்கப்படும் மின்வேலி, தாமதமின்றிக் கிடைக்கும் நட்டஈடு, அழைத்தவுடன் வரும் வனசீவராசிகள் அதிகாரி ஆகியவை கிடைத்தால் இடியன் துவக்கு தானாகவே மூலையில் சாயும். அவற்றைக் கொடுப்பது அரசின் கடமை. கட்டுத்துவக்கை இன்றே அவிழ்ப்பது நம் கடமை.