பெயரின் முதலெழுத்தும் பேராசிரியர் பதவியும்

உழைத்தவருக்கு உயர்வு உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால், ஒருவரின் உழைப்பை எதைக் கொண்டு அளப்பது? உலகில் உள்ள அத்தனையையும் அளந்து பார்க்கும் பொருளியலாளர்கள், தங்கள் உழைப்பைத் தாங்களே அளந்துகொள்ளும் முறை சற்று விசித்திரமானது. பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அதன் ஒரு சிறு பகுதியை இங்கே விளக்க விரும்புகிறேன். அது பெயரின் முதலெழுத்தைப் பற்றியது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேருபவருக்கு ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகள் தவணை கொடுக்கப்படும். அதற்குள் தம்மை நிரூபித்தால் நிரந்தரப் பணி. இல்லையேல் வேறு இடம் தேட வேண்டும். சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய நிரந்தரப் பணி முறை உண்டு. நிரூபிப்பது என்றால் நன்றாகப் பாடம் நடத்துவது என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிடுவதுதான் முதன்மையான அளவுகோல். பொருளியலில் ஐந்து ஆய்விதழ்களுக்கு மட்டும் தனி மரியாதை: அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ, குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி, எக்கனாமெட்ரிக்கா, ரிவியூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ். நோபெல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மேன், சித்தார்த் மோக்தானுடன் இணைந்து 2020இல் எழுதிய கட்டுரையில் இதனை ஐந்தின் கொடுங்கோன்மை என்றே குறிப்பிட்டார்.

அந்த ஐந்தின் வாசலில் நெரிசல் அதிகம். டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1990க்கும் 2012க்கும் இடையில் அங்கு அனுப்பப்படும் கட்டுரைகள் ஏறக்குறைய இரு மடங்காகின. ஆனால், 1970களின் இறுதியில் ஆண்டுக்கு 400 கட்டுரைகளை வெளியிட்ட இதழ்கள் பின்னர் 300தான் வெளியிட்டன. கட்டுரைகளின் நீளமும் மூன்று மடங்கானது. தனியாளாக இந்தப் பாரத்தைச் சுமப்பது கடினம் என்பதால் கூட்டு முயற்சி பெருகியது. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக 1970இல் 1.3 ஆசிரியர்கள் இருந்தனர். 2012இல் அது 2.3 ஆனது.

பலர் சேர்ந்து எழுதினால் யார் பெயரை முதலில் போடுவது? மருத்துவத் துறையில் அதிகம் உழைத்தவர் பெயர் முதலில் வரும். ஆய்வுக் குழுவின் தலைவர் பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும். பொருளியலில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் வேறு. குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கிவிடுவார்கள். எல்லாரும் சமம் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம்தான்.

ஆனால், நடைமுறையில் என்ன நேர்கிறது? அருள், குமார், வேலு ஆகிய மூவர் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டுபவர், 'அருள் மற்றும் பிறர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கருத்தரங்குகளிலும் அது 'அருளின் கட்டுரை' ஆகிவிடும். இரவு பகலாகக் கணக்குப் போட்டவர் வேலுவாகவே இருந்தாலும் அவர் 'பிறர்' தான். (பள்ளியில் பெயர்ப்பட்டியல் வாசிக்கும்போது கடைசியில் 'வந்தேன்' சொன்னவர்களுக்கு இந்த வேதனை நன்றாகப் புரியும்.)

இது வெறும் மனக்குறைதானா என்று லிரான் எய்னாவும் லியாட் யாரிவும் ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். அமெரிக்காவின் முதல் பத்துப் பொருளியல் துறைகளில், அகரவரிசையில் முன்னே வரும் பெயருடையவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பிறந்த நாடு, இனம், சமயம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் அந்த வேறுபாடு மறையவில்லை. உளவியல் துறையில் அகரவரிசை வழக்கம் இல்லை. அங்கே இந்த விளைவும் இல்லை. எனக்கு மிகவும் நம்பிக்கையூட்டும் சான்று இதுதான். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் 35 துறைகள் வரை பட்டியலை விரித்தபோது விளைவு படிப்படியாக மங்கிவிட்டது. ஆகவே, போட்டி மிகக் கடுமையான இடத்தில்தான் முதலெழுத்துக்கு வலிமை வருகிறது எனலாம். பின்னே வரும் பெயருடையவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து எழுதும் ஆய்வுகளில் இணையத் தயங்கியதையும் அவர்கள் கண்டார்கள். பெயருக்கு அஞ்சி ஆய்வுத் துணையைத் துறப்பது எவ்வளவு பெரிய இழப்பு! அக்கட்டுரையிலும் எய்னாவ் முன்னே, யாரிவ் பின்னே.

யார் எவ்வளவு உழைத்தார் என்று பெயர்வரிசை சொல்லாதபோது, படிப்பவர் தம் ஊகத்தால் இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார். அந்த ஊகம் பெண்களுக்குச் சாதகமாக இருப்பதில்லை. பெண் பொருளியலாளர் தனியே எழுதிய கட்டுரைக்கு ஆணுக்கு நிகரான மதிப்பு கிடைக்கிறது. ஆண்களோடு சேர்ந்து எழுதியதற்கோ நிரந்தரப் பணி முடிவில் குறைந்த மதிப்பே கிடைக்கிறது என்று ஹெதர் சார்சன்ஸின் ஆய்வுகள் காட்டின.

இதற்கு மாற்றாக, தேப்ராஜ் ராயும் ஆர்தர் ராப்சனும் 2018இல் ஒரு யோசனை சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் பெயர்வரிசையை முடிவு செய்யுங்கள். பெயர்களுக்கு இடையே வட்டத்துக்குள் 'ஆர்' என்ற எழுத்தை இட்டு அதைத் தெரிவியுங்கள் என்றார்கள். அமெரிக்கப் பொருளியல் சங்கமும் இதற்கு இடமளித்தது. எளிய தீர்வு; ஆனாலும் ஊரோடு ஒத்து வாழ்வது வழக்கமாகிவிட்ட துறையில் மாற்றம் மெதுவாகத்தான் வரும்.

நம் கதை இன்னும் சிக்கலானது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. மலேசியாவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்றும், சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்றும் தந்தையின் பெயரைச் சேர்த்து எழுதுகிறோம். ஆய்விதழோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். மாலதி என்ற மாணவி, தந்தை பெயர் சுப்பிரமணியம் என்றால், உலகம் அவரை 'சுப்பிரமணியம்' என்றே மேற்கோள் காட்டும். 'எம்' வரிசையில் நின்றிருக்க வேண்டியவர் 'எஸ்' வரிசைக்குப் போய்விடுவார். ஒரு கட்டுரையில் மாலதி, அடுத்ததில் சுப்பிரமணியம், மூன்றாவதில் தலைப்பெழுத்தோடு என்று மாறி மாறி எழுதினாலோ தரவுத்தளங்கள் அவரை மூன்று பேராகக் கருதிவிடக்கூடும். பதவி உயர்வுக்கு மேற்கோள்களை எண்ணும் காலத்தில் இது சிறிய விஷயமல்ல. 2012இல் தொடங்கிய 'ஓர்சிட்' என்ற 16 இலக்க அடையாள எண் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவும், இலவசமாகவே பெறலாம். வரிசைச் சிக்கலை அது தீர்க்காது. ஆகவே, ஆய்வுத்துறைக்குச் செல்ல எண்ணும் நண்பர்களே, முதல் கட்டுரையை அனுப்புமுன் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று வீட்டில் கலந்து பேசி முடிவெடுங்கள். கூட்டாக எழுதுவதாக இருந்தால், பெயர்வரிசை பற்றி முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.