கடலடியில் தூங்கும் கும்பகர்ணர்கள்

1968-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ந் தேதி. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில் "ஆல்வின்" என்ற சிறிய நீர்மூழ்கியைக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இரும்பு வடம் அறுந்தது! உள்ளே இருந்த மூவரும் தட்டுத் தடுமாறி வெளியேறி உயிர் தப்பினார்கள். ஆல்வின் 1,540 மீட்டர் ஆழத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர்கள் கொண்டுவந்திருந்த மத்தியான உணவும் அதோடு மூழ்கியது.

பத்து மாதம் கழித்து ஆல்வினை மேலே தூக்கினார்கள். சாப்பாட்டைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ரொட்டியும் இறைச்சியும் உப்பு நீரில் ஊறியிருந்தனவே தவிர, கெட்டுப்போகவில்லை. பிளாஸ்கில் இருந்த இறைச்சி ரசம் அப்படியே குடிக்கும் பதத்தில் இருந்தது!

அதே உணவைக் கரைக்குக் கொண்டுவந்து, 3 டிகிரி குளிரில் வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் அது கெட்டுவிட்டது. அப்படியானால், கடலடியில் அதைக் காப்பாற்றியது குளிர் மட்டும் அல்ல என்று தெரிகிறது.

ஹோல்கர் யானாஷ் என்ற விஞ்ஞானி இந்தப் புதிரை விடாமல் ஆராய்ந்தார். உணவுப் பொருள்களை வேண்டுமென்றே ஆழ்கடலில் இறக்கி, பல மாதம் விட்டுவைத்துப் பரிசோதித்தார். அதே குளிரில் கரையில் வைத்த பொருளைவிட, கடலடியில் வைத்த பொருள் பத்து முதல் நூறு மடங்கு மெதுவாகவே சிதைந்தது. மேலே இருந்து அழுத்தும் நீரின் பாரத்தில் நுண்ணுயிர்களின் வேலையே மந்தப்பட்டுவிடுகிறது.

ஏழரை மீட்டர் எல்லை

கடலின் தரையிலேயே இப்படி என்றால், தரைக்கு அடியில் உள்ள சேற்றில் என்ன நடக்கும்? அங்கே உயிர் உண்டா?

பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் எடுத்த சேற்றை ஆராய்ந்த மோரிட்டாவும் ஸோபெல்லும் 1955-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். சுமார் ஏழரை மீட்டருக்குக் கீழே பாக்டீரியாக்களை அவர்களால் வளர்க்க முடியவில்லை. உயிரின் எல்லை அதுதான் என்று வெகுகாலம் நம்பப்பட்டது.

அந்த எல்லை நிற்கவில்லை. 1994-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் பார்க்ஸும் அவருடைய கூட்டத்தாரும் பசிபிக் தரைக்கு அடியில் 500 மீட்டருக்கும் கீழே பாக்டீரியாக்களைக் கண்டார்கள். 2016-ல் ஜப்பானின் "சிக்யூ" என்ற துளைக் கப்பல், நான்காய்ப் பள்ளத்தில் 1,180 மீட்டர் வரை துளையிட்டது. அடியில் வெப்பம் 120 டிகிரி! அந்தக் கொதிப்பிலும் உயிர்கள் இருந்தன. உலகக் கடல்களின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்களின் தொகையை 2012-ல் கணக்கிட்டார்கள். 29 என்று எழுதி, அதற்குப் பின்னால் 28 சைபர்களைப் போட்டால் அதுதான் அந்தத் தொகை.

பத்துக் கோடி ஆண்டுப் பசி

எல்லாவற்றையும் மிஞ்சிய அதிசயம் தென் பசிபிக்கிலிருந்து வந்தது. அங்கே கடலின் மேற்பரப்பில் பாசிகள் மிகக் குறைவு. ஆகவே செத்து அடியில் விழும் இரையும் மிகக் குறைவு. பத்து லட்சம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர் சேறுதான் படிகிறது. 2010-ல் "ஜாய்டிஸ் ரெசல்யூஷன்" கப்பலில் சென்றவர்கள் அந்தச் சேற்றைத் துளைத்து எடுத்தார்கள். அதில் மிகப் பழைய அடுக்கின் வயது 10 கோடியே 15 லட்சம் ஆண்டு. டைனோசர்கள் பூமியில் உலவிய காலத்துச் சேறு அது!

ஜப்பானிய விஞ்ஞானி யுகி மொரோனோவும் அவருடைய கூட்டத்தாரும் அந்தச் சேற்றில் கொஞ்சம் உணவைக் கலந்து வைத்துக் காத்திருந்தார்கள். நுண்ணுயிர்கள் உண்டன, பெருகின. 68 நாளில் சில பத்தாயிரம் மடங்கு வரை பெருகிவிட்டன! 2020-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

நம் கும்பகர்ணன் ஆறு மாதம் தூங்கினான். இவைகளின் தூக்கத்துக்கு முன் அவன் எம்மாத்திரம்? ஆனால் இவை முழுத் தூக்கத்தில் இல்லை. கிடைக்கும் அற்பசொற்பச் சக்தியில், உடைந்த உறுப்பைச் சரிசெய்துகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதே விஞ்ஞானிகளின் கருத்து.

வேலை மெதுவானாலும் அது வீண் வேலை அல்ல. சேற்றுக்குள் ஊறும் மீத்தேன் வாயு, பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட வலியது. அதில் பெரும்பகுதி கடல்நீரை எட்டுமுன்பே அதை உண்டு தீர்த்துவிடுபவை இந்தச் சேற்று நுண்ணுயிர்களே.

ஏர் பிடித்த இடம்

இப்போது மனிதனின் கண் இந்தச் சேற்றின் மீது விழுந்திருக்கிறது. ஆழ்கடல் தரையில் உருளைக்கிழங்கு போல மாங்கனீஸ் உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் நிக்கல், தாமிரம், கோபால்ட் உண்டு. இந்துமகா சமுத்திரத்தின் நடுவே 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவற்றை ஆராய இந்தியா 2002-ல் ஒப்பந்தம் செய்துகொண்டது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்தில் தன் சுரங்க இயந்திரத்தை ஓட்டிச் சோதித்தது.

தோண்டினால் என்ன ஆகும்? இதற்கு ஒரு பாடம் முன்பே இருக்கிறது. 1989-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பெரு நாட்டுக்கு அப்பால், 4,000 மீட்டருக்கும் கீழே, கடல் தரையைக் கலப்பை கொண்டு உழுது பார்த்தார்கள். 26 ஆண்டு கழித்து 2015-ல் திரும்பிப் போனார்கள். உழுத சால்கள் அப்படியே தெரிந்தன! நுண்ணுயிர்களின் வேலையும் பழைய நிலைக்கு வரவில்லை. அது திரும்ப 50 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று 2020-ல் அறிவித்தார்கள். சேற்றின் மேலடுக்கில்தான் இரையும் உயிரும் அதிகம். கலப்பை சீவி எறிந்தது அந்த அடுக்கைத்தான்.

நம் ஊர் வயலில் உழுத சால் அடுத்த மழைக்கு மறைந்துவிடும். கடலடியில் மழை இல்லை, அவசரமும் இல்லை. நாட்டுக்கு உலோகம் தேவைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடலில் கலப்பையை இறக்குமுன், அந்தத் தழும்பு ஆற எத்தனை தலைமுறை ஆகும் என்ற கணக்கையும் லாபக் கணக்கோடு சேர்த்துப் போட வேண்டும்.